கிரியேட்டினின் 1.1 நார்மல் தானே டாக்டர்?

ஹார்ட் ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கறது என் வேலை. முந்தின நாளே பேஷண்ட்டைப் பார்த்துப் பேசிடுவேன், பாதி விஷயம் ஃபைல்ல இருக்காது, பேச்சுலதான் வரும். அப்படித்தான் ஒரு அம்மா, 68 வயசு, ஒல்லியான உடம்பு, பைபாஸுக்கு வந்திருந்தாங்க. என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டா "சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, அவ்ளோதானுங்க"ன்னாங்க. "கைகால் வலிக்கு?"ன்னு கேட்டதும் மஞ்சப்பைக்குள்ள கைய விட்டு ஒரு பொட்டலம் எடுத்தாங்க, உள்ள பாதி கத்தரிச்ச டைக்ளோஃபினாக் அட்டை. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்கி ரெண்டு வருஷமா தினம் ஒண்ணு போட்டிருக்காங்க, அது அவங்க கணக்குல மாத்திரையே இல்ல.

பையன் ரிப்போர்ட்டை நீட்டி "கிரியேட்டினின் 1.1 தான் சார், நார்மல்"ங்கறார். கிரியேட்டினின் தசையிலேர்ந்து வர்ற கழிவு, கிட்னிதான் அதை வெளியேத்தும், அதனால ரத்தத்துல அது ஏறினா கிட்னி சரியில்லன்னு அர்த்தம். ஆனா தசை கம்மியா இருந்தா அதுவும் கம்மியாத்தான் காட்டும். அதே 1.1 ஒரு 25 வயசுப் பையனுக்கு வந்தா ஜிஎஃப்ஆர் (கிட்னி நிமிஷத்துக்கு எவ்ளோ வடிகட்டுதுங்கற அளவு) கணக்கு 95 பக்கம், இந்த அம்மாவுக்குப் போட்டா 55 தான் வருது. இதுல ரெண்டு நாள் முன்னாடிதான் ஆஞ்சியோ, அதுல ரத்தக்குழாய் படத்துல தெரியறதுக்காக ஏத்தற டையையும் கிட்னிதான் வெளியேத்தணும். அவசர கேஸ் இல்லைங்கறதால சர்ஜன்கிட்ட பேசி சில நாள் தள்ளிவச்சு, வலி மாத்திரைய நிறுத்தி, திரும்ப டெஸ்ட் பண்ணினோம். (அதுக்காக ஆஸ்பிரினும் வலி மாத்திரை தானேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, அது வேற கதை, டாக்டரைக் கேளுங்க.)

ஏன் இவ்ளோ பயம்னா, இதயம் பம்ப் பண்ற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல கிட்னிக்குத்தான் போகுது. ஆபரேஷன்ல இதயத்தை நிறுத்திட்டு ரத்தத்தை ஹார்ட்-லங் மெஷின்ல ஓட்டறப்போ துடிப்பு இல்லாம ஒரே சீரா ஓடும், ரத்தமும் நீர்த்துப்போயிருக்கும், மெஷின்ல அடிபட்டு சிவப்பணுவும் கொஞ்சம் உடையும். பிரஷர் இறங்கினா கிட்னி தன் ரத்தக்குழாயை விரிச்சு சமாளிக்கும், வலி மாத்திரை கெடுக்கறது சரியா அந்த சாமர்த்தியத்தைத்தான். அதனாலதான் மெஷின் ஓட்டற பெர்ஃப்யூஷனிஸ்ட்டும் நானும் ஃப்ளோ, பிரஷர், ஹீமோகுளோபின் மூணையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டே இருப்போம்.

கிட்னி அடி வாங்கினாலும் கிரியேட்டினின் அன்னிக்கே ஏறாது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஏறும். அதுவரைக்கும் ஐசியூல எங்களுக்கு யூரின் பேக்தான் ஜாதகம், 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வரணும். குறைஞ்சா சொந்தக்காரங்க "லாசிக்ஸ் போடுங்க டாக்டர்"னு நிப்பாங்க, அது யூரின் போக வைக்கற மருந்து. லாசிக்ஸ் போட்டா பேக் நிறையும், உடம்புல தண்ணி தேங்கியிருந்தா அதுக்கு உதவும், ஆனா கிட்னியைக் காப்பாத்தாது. அந்தக் காலத்துல கிட்னிக்குன்னு கொஞ்சூண்டு டோபமின்ங்கற மருந்தை ஓட்டினதும் இப்படித்தான், பிரயோஜனம் இல்லைன்னு பின்னாடி தெரிஞ்சுது. 2024ல இத்தாலிக்காரங்க முன்ன நின்னு ஹார்ட் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 3511 பேர்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு அமினோ ஆசிட் ட்ரிப் ஏத்திப் பார்த்தாங்க, ஏத்தாதவங்கள்ல 31.7 சதவீதமா இருந்த கிட்னி பாதிப்பு ஏத்தினவங்கள்ல 26.9 தான். நல்ல சேதிதான், ஆனா டயாலிசிஸ் குறையுதுன்னு அதுல நிரூபணம் ஆகல, அதனால நான் இன்னும் ரொம்பத் துள்ளல.

அந்த அம்மாவுக்கு கிட்னி தாக்குப்பிடிச்சுது. மூணாவது நாள் ரவுண்ட்ஸ்ல கைய நீட்டினாங்க, "அந்தப் பொட்டலத்தக் குடுங்க சாமி, முட்டி வலிக்குது". பாராசிட்டமால் எழுதிக் குடுத்தேன், பிசியோதெரபிக்கும் சொன்னேன். அவங்களுக்குத் திருப்தியே இல்ல.