உப்பு லாரியின் துருவை மின்சாரம் கழற்றும் விதம்

தூத்துக்குடி உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே பல வருஷம் ஓடிய லாரி ஒன்று. அம்பாசமுத்திரம் பக்கம் நெல் மூட்டையும் செங்கலும் ஏற்றி அதே அளவு காலம் ஓடிய லாரி இன்னொன்று. இரண்டின் கேபினுக்கு அடியிலும் குனிந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மழையில் அதிகம் நனைந்தது மலையடிவாரத்து வண்டிதான். ஆனால் ஓட்டை விழுந்திருப்பது உப்பளத்து வண்டியில். தண்ணீரும் காற்றும் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று பள்ளியில் படித்த பாடம் பாதிக் கதைதான்.

பழைய வண்டியை வாங்கி வீட்டுக் கொட்டகையில் வைத்துச் சீர்செய்கிறவர்களை அதிகம் படுத்துவது இந்த மீதிப் பாதி. 1954-இல் டாடாவின் லாரி கம்பெனியான டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் கைகோத்த பிறகு வந்த மூக்கு நீண்ட லாரியாக இருக்கட்டும், மஹிந்திரா ஜீப்பாக இருக்கட்டும், எஞ்சின் பாகத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். துரு அப்படி வழிக்கு வராது. கிரைண்டர் வைத்துத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்திய வண்டி, ஐப்பசி மழை முடிவதற்குள் அதே இடத்தில் கொப்புளம் போடும். பெயின்ட் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கோளாறு பெயின்டுக்கு அடியில் இருக்கிறது.

அது என்ன என்று பார்க்க ஒரு துளி உப்புத் தண்ணீர் போதும். நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டின் மேல் அந்தத் துளியை விட வேண்டும். துளியில் பினாப்தலீனும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் துளித்துளி கலந்திருக்கட்டும். இரண்டும் பள்ளி ஆய்வகத்தில் இருப்பவைதான். முதலில் நீலமும் இளஞ்சிவப்புமாகப் புள்ளிகள் அங்கங்கே தோன்றும். கொஞ்ச நேரத்தில் அவை தாமாகவே பிரிந்து நிற்கும்: நடுவில் நீலம், ஓரத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு. இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு படியும்.

நீலம் என்றால் அங்கே இரும்பு கரைகிறது. இளஞ்சிவப்பு என்றால் அங்கே காரம் உண்டாகிறது. கேம்பிரிட்ஜில் உலோக அரிப்பை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் 1920களில் இதற்குச் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. துளியின் ஓரம் மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதாக இறங்கும். இறங்கிய ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் வேண்டும். தண்ணீரின் ஆழமான நடுப்பகுதியில் இரும்பு அணுக்கள் தலைக்கு இரண்டு எலக்ட்ரானை விட்டுக்கொடுத்து அயனியாகக் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்கு ஓடுகின்றன. உப்புத் தண்ணீரின் வழியே அயனிகள் நகர்ந்து சுற்றை முடித்துவைக்கின்றன. அதாவது துளி விழுந்த இடத்தில் குட்டியாக ஒரு பேட்டரி உருவாகி, அது ஷார்ட் ஆகிக் கிடக்கிறது. துரு அந்த பேட்டரியின் கழிவு.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. துரு தெரியும் இடமும் இரும்பு தின்னப்படும் இடமும் ஒன்றல்ல. காற்று படும் இடம் பிழைத்துக்கொள்ளும். காற்று போகாத இடம்தான் கரையும். லாரியில் எங்கெல்லாம் ஓட்டை விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள். கேபின் தளத்தில் ரப்பர் விரிப்புக்கு அடியில். மட்கார்டின் உள்மடிப்பில் சேறு அப்பிய இடத்தில். கதவின் அடியில், வடிகால் துளை அடைத்துக்கொண்ட மூலையில். சேஸில் இரண்டு தகடு சேரும் ரிவெட் வரிசையில். எல்லாமே ஈரம் தங்கும், காற்று புகாத இடங்கள். துருவின் பருமன் அது தின்ற இரும்பின் பருமனைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருக்கும். அதனால் ரிவெட் அடித்த தகடுகளுக்கு இடையே அது பாறை இடுக்கில் இறங்கிய ஆலமர வேரைப் போல நெம்பிக்கொண்டு வளர்கிறது.

சரி, இதில் உப்புக்கு என்ன வேலை? நல்ல தண்ணீரில் மின்சாரம் தயங்கித் தயங்கிப் போகும். உப்பு கரைந்ததும் தாராளமாகப் பாயும். அத்தோடு குளோரைடு அயனி, இரும்பின் மேல் இயல்பாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தையும் உடைத்துவிடும். உப்பளத்து வண்டிக்கு வினை முக்கியமாக வேறு வழியில் வருகிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். ஆனால் பாத்தியில் வாரிய கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு 33 சதவீதமே போதும். சமையலறையில் கல்லுப்பு ஜாடி நசநசத்துப் போவது இதனால்தான். கடற்கரைக் காற்று பகலிலும் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆக, மழையே பெய்யாத சித்திரையிலும் உப்பு லாரியின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் நனைந்தபடியேதான் ஓடுகிறது. மலையடிவாரத்து வண்டி நனையும், பிறகு காய்ந்துவிடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கொப்புளம் திரும்பத் திரும்ப வரும் காரணமும் இதிலேயே இருக்கிறது. இரும்பு கரையும் குழியில் நேர்மின் அயனிகள் சேரும். எதிர்மின் கொண்ட குளோரைடு அவற்றைத் தேடிக் குழியின் அடிக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கிரைண்டர் மேலே உள்ள பழுப்பைச் சீவும். ஊசி முனைக் குழிக்குள் அதன் கல் நுழையாது. மேலே அடிக்கும் பெயின்டும் நீராவிக்கு முழுத் தடையல்ல. அடியில் சிக்கிய உப்பு, பெயின்ட் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக் கொப்புளம் எழுப்பும். நிறத்தை எடுத்துவிட்டு உப்பை விட்டுவைத்தால் வேலை முடிந்ததாகாது.

உப்பைக் குழிக்குள்ளிருந்து வெளியே இழுக்க, அது எந்த விசையால் உள்ளே போனதோ அதைத் திருப்பிவிட வேண்டும். மின்பகுப்பு என்ற இதைத்தான் வீட்டுக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் பேட்டரி சார்ஜரும் வைத்துச் செய்கிறார்கள். டிரம்மில் தண்ணீர், லிட்டருக்குப் பத்து கிராம் கணக்கில் சலவை சோடா. இது துணி துவைக்கிற சோடியம் கார்பனேட். இட்லி மாவில் போடும் ஆப்ப சோடா வேறு. துருப்பிடித்த பாகத்தைச் செம்புக் கம்பியில் கட்டி நடுவில் தொங்கவிட வேண்டும். அதைத் தொடாமல் சுற்றிலும் பழைய இரும்புக் கடையில் வாங்கிய சாதாரணக் கம்பிகளையோ தகட்டுத் துண்டுகளையோ நிறுத்த வேண்டும். சார்ஜரின் மைனஸ் முனை துருப்பிடித்த பாகத்துக்கு, பிளஸ் முனை சுற்றியுள்ள கம்பிகளுக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் துருவுக்குப் பதில் உங்கள் பாகமே கரையும். கிளிப் பிடிக்கும் இடத்தில் மட்டும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். துரு மின்சாரத்தை விடாது. புது வகை சார்ஜர்கள் எதிரே பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் வேலை செய்யும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜருக்கு அந்த வம்பு கிடையாது.

சுவிட்ச் போட்டதும் பாகத்தின் மேலெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் மேல் பழுப்பு நுரை திரளும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் செம்பழுப்பு போய்ப் பாகம் கரிய நிறமாக இருக்கும். நைலான் பிரஷ் வைத்துத் தேய்த்தால் கருப்புச் சேறு வழித்துக்கொண்டு வரும். அடியில் சாம்பல் நிற இரும்பு தெரியும். கம்பெனியில் அடித்த எண்ணும் முத்திரையும் அப்படியே இருக்கும். கிரைண்டரில் இந்த நிதானம் கிடைக்காது.

"துரு திரும்ப இரும்பாயிடுமா அண்ணாச்சி?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. மைனஸ் முனையில் தண்ணீர் எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜன் வாயுவாகவும் ஹைட்ராக்சைடாகவும் பிரிகிறது. துருவின் ஒரு பகுதியும் எலக்ட்ரானை வாங்கி மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. மேக்னடைட் இளகிய தூள். குமிழிகள் அதை உந்தித் தள்ளுகின்றன. ஓட்டை ஓட்டையாகவேதான் இருக்கும், அதற்கு வெல்டிங்தான். ஆனால் எதிர்மின் கொண்ட குளோரைடு, மைனஸ் ஆகிவிட்ட பாகத்தை விட்டு விலகிப் பிளஸ் கம்பியை நோக்கி நகர்கிறதே, உப்புக் காற்று பட்ட இரும்புக்கு இந்த முறை பொருந்துவது அதற்காகத்தான். கடலுக்கடியில் கிடந்த பீரங்கிகளை எடுத்ததும் அருங்காட்சியகங்கள் மின்பகுப்பில் வைப்பதும் இந்தக் குளோரைடை வெளியேற்றத்தான். நம்மிடமும் இது புதிதல்ல. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலேயே பரமசிவன் என்ற வேதியியலாளர் வெண்கலச் சிலைகளின் களிம்பை மின்பகுப்பால் நீக்கினார்.

மின்சாரம் சோம்பேறி. கம்பியை நேருக்கு நேர் பார்க்கும் பக்கத்தில்தான் நன்றாக வேலை செய்யும். மறுபக்கமும் குழாயின் உட்புறமும் பழுப்பாகவே நிற்கும். அதனால்தான் சுற்றிலும் கம்பி. தண்ணீரிலும் கவனம் வேண்டும். ராதாபுரம், திசையன்விளை பக்கம் ஆழ்குழாயில் வருவது பல இடங்களில் உவர் தண்ணீர். உப்பை வெளியேற்ற உப்புத் தண்ணீரையே ஊற்றிப் பயனில்லை. தாமிரபரணித் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ நல்லது. சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் இன்னும் வேகமாக நடக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிளஸ் முனையில் குளோரின் வாயு வரும்.

ஹைட்ரஜன் விஷயத்தில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஐந்து ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 18,000 கூலூம் (மின்னூட்டத்தின் அலகு). ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலூம் என்பது பாரடே மாறிலி. ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு எலக்ட்ரான் என்று வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 2.3 லிட்டர் ஹைட்ரஜன். இரவு முழுக்க மூடிய அறையில் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். காற்றில் நாலு சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும் வாயு அது. திறந்த கொட்டகையில் வையுங்கள். முதலில் சுவிட்சை அணையுங்கள், அப்புறம்தான் கிளிப்பைத் தொட வேண்டும். பெட்ரோல் வாசம் போகாத டேங்கை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கரையாது, நாள்பட உழைக்கும் என்று பிளஸ் பக்கம் எவர்சில்வர் தட்டைத் தொங்கவிடும் பழக்கமும் இருக்கிறது. இதைவிடக் கெட்ட யோசனை இந்த வேலையில் கிடையாது. எவர்சில்வரில் உள்ள குரோமியம், ஆறு இணைதிற குரோமியமாகத் தண்ணீரில் இறங்கும். அது புற்றுநோய் தரும் நஞ்சு. ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்ததும் அதே வகைதான். அலுமினியப் பாகமும் துத்தநாகம் பூசிய பாகமும் சோடாக் காரத்திலேயே கரையும் என்பதால் அவற்றையும் முக்கக் கூடாது. ஸ்பிரிங் பட்டை, ஸ்டீயரிங் பாகம், உயர் வலிமை போல்ட் ஆகியவையும் வேண்டாம். ஹைட்ரஜன் அணுக்கள் கெட்டிப்படுத்திய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையாக்கிவிடும். பாரம் ஏறிய பிறகு பட்டென்று முறிந்துவிடும்.

டிரம்மிலிருந்து வெளியே வந்த இரும்புக்குப் போர்வை எதுவும் இல்லை. நல்ல தண்ணீரில் அலசி உடனே காய வைக்காவிட்டால் கண் முன்னாலேயே மஞ்சள் படரும். கடைசி அலசல் வெந்நீராக இருந்தால் வேகமாகக் காயும். மீதியை நெல்லை வெயில் பார்த்துக்கொள்ளும். சூடு ஆறியதும் பிரைமர் அடித்துவிட வேண்டும். எல்லோரும் அடிக்கும் ரெட் ஆக்சைடில் உள்ள சிவப்பு நிறமி வேறு யாருமல்ல, இரும்பு ஆக்சைடுதான். துருவின் நெருங்கிய உறவினர். ஏற்கெனவே முழுக்க ஆக்சைடாகிவிட்டதால் அது மேலும் மாறாது; ஆனால் காற்றையும் ஈரத்தையும் கொஞ்சம் மறிப்பதைத் தவிர வேறு உதவியும் செய்யாது. கூடுதல் காசு கொடுத்துத் துத்தநாகச் சத்துள்ள பிரைமர் வாங்குவது மேல். இரும்பைவிடத் துத்தநாகம் எலக்ட்ரானை எளிதில் விட்டுவிடும் என்பதால் கீறல் விழுந்தாலும் அதுதான் முதலில் கரையும்.

சேஸ் போன்ற பெரிய உருப்படியை எந்த டிரம்மில் முக்குவது? அதற்கு உயர் அழுத்தத் தண்ணீர், கம்பி பிரஷ், மறுபடி தண்ணீர் என்று மாற்றி மாற்றித்தான் போக வேண்டும். உப்பு போன பிறகு கடுக்காயைத் தட்டிக் கொதிக்கவைத்த கஷாயத்தைப் பூசலாம். அதிலுள்ள டானின் மிச்சமிருக்கும் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக இறுகும். டானிக் அமிலம் கலந்து புட்டியில் விற்கும் துரு மாற்றிகளின் சூட்சுமமும் இதுவே. உப்பு போகாமல் பூசினால் இரண்டும் வீண்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வண்டியையே எப்போதும் மைனஸில் வைத்துவிட்டால் துருவே பிடிக்காதே என்று தோன்றலாம். தோன்றியிருக்கிறது, பேட்டரியில் இணைக்கும் துருத் தடுப்புப் பெட்டி என்று விற்கவும் செய்கிறார்கள். கப்பலில் இது நடக்கும். 1824-இல் ஹம்ஃப்ரி டேவி கப்பலின் செம்புத் தகட்டில் வேறு உலோகத் துண்டைப் பொருத்தி அரிப்பை நிறுத்திக் காட்டினார்; இன்றும் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பார்க்கலாம். அங்கே சுற்றை முடித்துவைக்கக் கடலே இருக்கிறது. லாரியைச் சுற்றி இருப்பதோ காற்று. அதன் வழியே அயனி நகராது. ஈரப் படலம் எட்டும் சில மில்லிமீட்டருக்கு அப்பால் அந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை. அந்தப் பணத்தில் ஒரு பிரஷர் வாஷர் வாங்கி, கதவடி வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, உப்பு இறக்கிய அன்றைக்கே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடலாம்.