வட்டில்லாச் சேவையகங்களுக்கு வலையமைப்பே வட்டுக் கேபிள்

வட்டில்லாச் சேவையகத்தில் செயலியும் நினைவகமும் வலையமைப்பு அட்டையும் மட்டுமே இருக்கும். இயங்குதளமும் தரவும் ஹோஸ்ட் கணினியின் சேமிப்பகத்தில் 'லன்' எனப்படும் தனிப் பகுதியில் இருக்கும். இரண்டையும் இணைக்கப் பெரும்பாலும் பயன்படுவது, 2004இல் ஆர்எஃப்சி 3720 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளியாகி 2014இல் ஆர்எஃப்சி 7143 ஆகத் திருத்தி ஒருங்கிணைக்கப்பட்ட ஐஸ்கஸி நெறிமுறையாகும். வழக்கமான ஸ்கஸி வட்டுக் கட்டளைகளையே அது டிசிபி இணைப்பின் வழியே, பொதுவாக 3260ஆம் போர்ட்டுக்கு அனுப்புகிறது. சேவையகம் பழுதானால் அதே லன்னை வேறொரு பெட்டிக்கு மாற்றிச் சிறிது நேரத்தில் பணியைத் தொடரலாம் என்பதால் இந்த முறை எனக்குப் பிடித்தமானது. ஆனால் அந்தக் கம்பியில் ஓடுவது வட்டுப் போக்குவரத்து என்பதை அதைப் பராமரிப்பவர்கள் அனைவரும் உணர்ந்திருக்க வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது ஒரே லன்னை இரண்டு சேவையகங்கள் திறந்துவிடுவதைத்தான். எக்ஸ்ட்4, என்டிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள், வட்டு தமக்கு மட்டுமே உரியது என்று கருதி இயங்குபவை. இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் எழுதினால், ஒன்று எழுதியது மற்றொன்றுக்குத் தெரியாமலேயே அழிந்துபோகும். உடனே பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், பாதிப்பு வெளிப்படும்போது காப்புப் பிரதிகளிலும் அது புகுந்திருக்கக்கூடும். ஏற்கெனவே இயங்கும் சேவையகத்தின் லன்னை நகலெடுத்துப் புதிய சேவையகம் உருவாக்கும்போது, ஐக்யூஎன் எனப்படும், ஐஸ்கஸியில் சேவையகத்தைக் குறிக்கும் அடையாளப் பெயரும் சேர்ந்தே நகலாகிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். நகலெடுத்தவுடன் பெயரை மாற்றுங்கள். ஹோஸ்டிலும் ஒவ்வொரு லன்னையும் ஒரே ஒரு ஐக்யூஎன்னுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். பழுதான பெட்டியின் லன்னை வேறொன்றுக்குக் கொடுக்குமுன், பழைய பெட்டியின் மின்னிணைப்பையே துண்டித்துவிடுவது நல்லது.

அடுத்தது காத்திருப்பு நேரம். லினக்ஸின் ஓப்பன்-ஐஸ்கஸி என்ற மென்பொருளில், அறுந்த இணைப்பு மீளுவதற்கு இயல்பாக 120 வினாடிகள் தரப்படும். அது கடந்தால் பிழை கோப்பு முறைமைக்குச் சென்று, எக்ஸ்ட்4 பெரும்பாலும் படிக்க மட்டுமே இயலும் நிலைக்கு மாறிவிடும். வலையமைப்புக் கம்பிகளை இணைக்கும் சுவிட்சை, அதன் மென்பொருளைப் புதுப்பிப்பதற்காக மறுதொடக்கம் செய்தால் இந்த நேரம் எளிதில் கடந்துவிடும். சேவையகமோ, இணைப்பில் இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் செய்திக்குப் பதில் அளித்துக்கொண்டே இருப்பதால், கண்காணிப்புத் திரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஒரே பாதை வழியாக இயங்குதளம் ஏறும் சேவையகத்தில் இந்த அளவை மிகவும் உயர்த்த வேண்டும். பல பாதைகள் இருந்தால், மாற்றுப் பாதைக்கு விரைவில் தாவுவதற்காகக் குறைக்க வேண்டும். ஓரிடத்தின் அமைவை மற்றோரிடத்தில் அப்படியே பயன்படுத்துவது ஆபத்து. இரண்டு பாதைகளும் கடைசியில் ஒரே சுவிட்சில் போய்ச் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் கம்பியைத் தொடர்ந்து சென்று நேரில் பாருங்கள்.

ஜம்போ பிரேம், அதாவது வழக்கத்தைவிடப் பெரிய தரவுப் பொதி வைப்பதானால், 9000 பைட் என்ற அளவு வழியிலுள்ள எல்லாக் கருவிகளிலும் பொருந்த வேண்டும். ஒன்று தவறினாலும் இணைப்பு ஏற்பட்டுவிடும், ஆனால் பெரிய தரவு நகரும்போது நின்றுவிடும். பொதியைத் துண்டுகளாகப் பிரிக்கத் தடைவிதித்து 8972 பைட் பிங் அனுப்பினால் இது தெரிந்துவிடும். ஐஸ்கஸியின் கடவுச்சொல் முறையான சாப் அங்கீகாரம் யார் நுழைகிறார் என்பதைச் சரிபார்க்குமேயன்றித் தரவை மறையாக்கம் செய்யாது. தொடக்கக் கோப்புகளைத் தரும் டிஎஃப்டிபி நெறிமுறைக்கு அங்கீகாரமே கிடையாது. ஆகவே இந்தப் போக்குவரத்தைத் தனி விலேனில், அதாவது பிறவற்றிலிருந்து பிரிக்கப்பட்ட மெய்நிகர் வலையமைப்பில் அடைத்துவைப்பது கட்டாயம்.

மின்தடைக்குப் பின் முதலில் சுவிட்ச், அடுத்து ஹோஸ்ட், பிறகு வலையமைப்பு முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி, கடைசியாக வட்டில்லாச் சேவையகங்கள் என்ற வரிசையில் இயக்க வேண்டும். டிஎச்சிபி சேவையகமே வட்டில்லாததாக இருந்து, தொடக்க முகவரிக்குத் தன்னையே நம்பியிருந்தால் எதுவுமே எழாது. அதற்கு உள்வட்டு கொடுங்கள். எந்த லன் எந்த ஐக்யூஎன்னுக்கு உரியது என்ற பட்டியலையும் அந்த ஹோஸ்டிலேயே வைக்காமல், தாளில் அச்சிட்டுக் கருவி அடுக்கின் அருகில் வைத்திருங்கள்.