பெரிய கேன், சின்ன பாட்டில்

குழந்தை எதையோ குடித்துவிட்டது என்று பெற்றோர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஓடிவரும்போது, மூச்சையும் நாடியையும் பார்த்த கையோடு நான் கேட்பது ஒன்றுதான்: "பாட்டிலைக் கொண்டுவந்தீர்களா?" உள்ளே போனது அமிலமா, காரமா, எண்ணெய் வகையா, வெறும் சோப்புத் தண்ணீரா என்பதை அந்த லேபிள்தான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதா, உடனே உள்ளே சேர்த்து எண்டோஸ்கோப்பிக்கு ஏற்பாடு செய்வதா என்ற முடிவு பெரும்பாலும் அதை வைத்தே அமையும்.

அந்தத் தந்தை பாட்டிலைக் கொண்டுவந்திருந்தார். சட்டைப் பித்தான்கள் மாறிப் போட்டிருந்தன. கையில் ஒரு குடிநீர் பாட்டில். குடிநீர் நிறுவனத்தின் நீல லேபிள் கிழியாமல் அப்படியே இருந்தது. அடியில் கால்வாசி, நிறமில்லாத திரவம்.

"இதில் என்ன இருந்தது?"

"அடுப்பைத் துடைக்கும் திரவம், டாக்டர்."

"பெயர்?"

"பெரிய கேனில் வாங்கினோம். கேன் வீட்டில் இருக்கிறது."

வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் அவர் தாயாரின் குரல் எனக்கே கேட்டது: "எந்தக் கேனைச் சொல்கிறாய்? இங்கே மூன்று இருக்கின்றனவே!"

பையனுக்கு மூன்று வயது. எச்சிலை விழுங்க மறுத்து, வாயோரம் வழியவிட்டுக்கொண்டு அம்மாவின் தோளில் கிடந்தான். நாக்கில் வெள்ளைத் திட்டுகள். அந்தத் திரவம், உணவகச் சமையலறைகளில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்படும் காரம் என்பது பிறகு தெரிந்தது. அதில் முக்கியப் பொருள் சோடியம் ஹைட்ராக்சைடு. கொழுப்போடு காரம் சேர்ந்தால் சோப்பு உருவாகும் என்று பள்ளியில் படித்திருப்போம். உணவுக்குழாயின் சுவரிலும் அதேதான் நடக்கிறது. அமிலம் பட்ட திசு பெரும்பாலும் இறுகி ஒரு பொருக்காகி, மேலும் ஆழமாக இறங்குவதை ஓரளவு தடுக்கும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். பல நேரங்களில் அதற்கு நிறமும் இல்லை, எச்சரிக்கும் வாசனையும் இல்லை. வாயில் புண் இல்லையென்றால் உள்ளேயும் புண் இருக்காது என்று நினைத்துவிடவும் முடியாது.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, சில வாரங்களில் உணவுக்குழாய் குறுகியது. மயக்க மருந்து கொடுத்து, பலூன் வைத்து அதை விரிவாக்க வேண்டும். ஒருமுறை செய்தால் முடிகிற வேலை அல்ல இது.

மொத்தமாக வாங்குவதில் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. கிடங்குக் கடை ஒன்றின் உறுப்பினர் அட்டை என் பணப்பையிலும் இருக்கிறது. கழிப்பறைக் காகிதம், குப்பைப் பை, சோப்புக் கட்டி ஆகியவற்றை வருடத்துக்கும் சேர்த்து வாங்கி அடுக்குங்கள். இடம் அடைப்பதைத் தவிர அவற்றால் ஆபத்தில்லை. நான் சொல்ல வருவது திரவங்களைப் பற்றி. பெரிய கேனின் ஆபத்து கேனில் இல்லை. அதிலிருந்து நாம் ஊற்றிவைக்கும் சின்ன பாட்டிலில் இருக்கிறது.

இந்தக் கேன்கள் இத்தனை பெரிதாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. உறுப்பினர் கட்டணம் வாங்கிக்கொண்டு கிடங்கிலேயே விற்கும் கடைகளின் முன்னோடி என்று சொல்லத்தக்க பிரைஸ் கிளப், 1976இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், விமானங்கள் நிறுத்தும் பழைய கொட்டகை ஒன்றில் தொடங்கியது. முதலில் சிறு வணிகர்களுக்கு மட்டும்தான் அங்கே அனுமதி. குடும்பங்கள் பிறகுதான் உள்ளே வந்தன. நாம் தள்ளுவண்டியில் ஏற்றும் பல கேன்களின் அளவும் வீரியமும் இன்றைக்கும் உணவகங்களையும் அலுவலகத் துப்புரவுப் பணியையும் மனதில் வைத்துத்தான் முடிவாகின்றன. அங்கே முறையாக வேலை செய்பவருக்குக் கையுறை உண்டு, அளந்து ஊற்றும் பம்பு சுவரில் உண்டு, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்ற அட்டை கண்ணெதிரே தொங்கும். வீட்டுக்குக் கேன் மட்டும் தனியாக வந்து சேர்கிறது.

ஐந்து லிட்டர் கேனைச் சாய்த்துப் பாருங்கள். கழுத்து வழியாகத் திரவம் வெளியேறும்போது அதே வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அதனால் 'குளுக் குளுக்' என்று விட்டுவிட்டுக் கொட்டும், தெறிக்கும். கண்ணைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களில் சிலர் இப்படித்தான் வருகிறார்கள். தினமும் அந்தக் கனத்தைத் தூக்க யாருக்கு ஆசை? ஆகவே சின்ன பாட்டில் ஒன்றைத் தேடுவோம். எந்த வீட்டிலும் காலியாகக் கிடப்பது தண்ணீர் பாட்டிலோ குளிர்பான பாட்டிலோதான். புனல் பொருந்தும், மூடி இறுகும், உள்ளே இருப்பது தெரியும். வேலைக்கு இதைவிட வசதியானது கிடையாது. அதனால்தான் புத்திசாலிகளும் இதைச் செய்கிறார்கள்.

அந்த ஒரு நிமிடத்தில் கைவிட்டுப் போனவை எவை என்று எண்ணிப் பாருங்கள். பெயர் போயிற்று. எச்சரிக்கைக் குறி போயிற்று. சிவப்புச் சாய்சதுரத்துக்குள் கையையும் உலோகத்தையும் அரிக்கும் சொட்டுகளை வரைந்த படம் இருக்குமே, இரசாயன எச்சரிக்கைக் குறிகளுக்காக ஐக்கிய நாடுகள் அவை 2003இல் வெளியிட்ட பொது முறையில் வருவது, அது கேனோடு நின்றுவிட்டது. எவ்வளவு நீர் கலப்பது என்ற குறிப்பும் நின்றுவிட்டது. முக்கியமாக, மூடி போயிற்று. அழுத்தித் திருப்பினால் மட்டும் திறக்கும் மூடியை 1967இல் உருவாக்கியவர் ஹென்றி புரோ என்ற கனடாவின் குழந்தை மருத்துவர். நஞ்சு உண்டு வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர் அவர். அமெரிக்கா 1970இல் இத்தகைய மூடிகளுக்குச் சட்டமே இயற்றியது. அந்த மூடியும் பூட்டு அல்ல. சோதனையில் சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினர் திறந்துவிடத்தான் செய்வார்கள். பெரும்பாலோரைச் சில நிமிடங்கள் தாமதிக்க வைப்பதே அதன் வேலை, நமக்கு வேண்டியதும் அந்தச் சில நிமிடங்கள்தான். தண்ணீர் பாட்டிலின் மூடியை மூன்று வயதுக் குழந்தை எத்தனை நொடியில் திறக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

குழந்தைகள் மட்டும் என்று நினைக்காதீர்கள். குழந்தை ஒரு வாய் குடித்ததும் அழுது துப்பிவிடும். தாகத்தோடு இருட்டில் வரும் பெரியவர், தண்ணீர் என்ற நம்பிக்கையில் இரண்டு மடக்கு விழுங்கிய பிறகுதான் நிறுத்துகிறார்.

அடர்திரவங்கள் வேறொரு கதை. ஒரு பங்குக்கு இருபது பங்கு, நாற்பது பங்கு நீர் கலக்க வேண்டியவற்றை அப்படியே தரையில் ஊற்றுகிறோம். கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் கொஞ்சம் கூடுதலாகச் சுத்தமாகும் என்பது ஒழிக்க முடியாத நம்பிக்கை. கை தோல் உரிந்து வருகிறவர்களிடம் எவ்வளவு ஊற்றுவீர்கள் என்று கேட்டால், "ஒரு மூடி" என்பார்கள். எந்த மூடி என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். சின்ன பாட்டிலின் மூடியா, பெரிய கேனின் மூடியா?

பணக் கணக்காகவே பார்த்தாலும் பிளீச்சைச் சேமித்து வைப்பது நஷ்டம். பிளீச் என்பது நீரில் கரைந்த சோடியம் ஹைப்போகுளோரைட். மூடி திறக்காமல் வைத்திருந்தாலும் அது தானாகவே சிதைந்து, பெரும்பகுதி உப்பு நீராக மாறிக்கொண்டிருக்கும். வெப்பமும் வெளிச்சமும் அதைத் துரிதப்படுத்தும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் சிதையும் வேகம் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடும். வீரியம் கூடிய பிளீச் இன்னும் விரைவாகக் கெடும். வெயில் படும் பால்கனியில் ஒரு வருடம் கிடந்த கேன் மூக்கைத் துளைக்கும் அளவுக்கு மணக்கலாம். ஆனால் கிருமியைக் கொல்லும் சத்து அதில் எவ்வளவு மிச்சம் என்று மணத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்குள் தீர்க்க முடிந்த அளவை மட்டும் வாங்குங்கள். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். தள்ளுபடி விலையில் கிடைப்பது பாதி ஆயுள் முடிந்த கேனாகவும் இருக்கலாம்.

இருப்பு பெருகினால் இடம் சுருங்கும். அப்போது பிளீச்சும் கழிப்பறை அமிலமும் ஒரே அலமாரியில் தோளோடு தோள் நிற்கும். அமிலம் பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு, அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் வாயு. வேண்டுமென்றே கலப்பவர்கள் குறைவு. நான் பார்த்தவரை, பெயரில்லாத இரண்டு பாட்டில்களின் மிச்சத்தை "எல்லாம் கிளீனர்தானே" என்று ஒன்றாக்கியவர்களே அதிகம். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. ஜன்னல் இல்லாத குளியலறையில் தரையோடு தங்கும். குனிந்து தேய்க்கும்போது நம் முகமும் அங்கேதான் இருக்கிறது.

மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில நாடுகளில் கிடங்குக் கடைகளிலேயே நூற்றுக்கணக்கான வலி நிவாரணி மாத்திரைகளை ஒரே டப்பாவில் விற்கிறார்கள். பிரிட்டனில் 1998இல் பாராசிட்டமால் அட்டைகளின் அளவைச் சட்டத்தால் குறைத்தார்கள்: மருந்துக் கடையில் 32, மற்றக் கடைகளில் 16. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் அந்த மாத்திரையால் நேர்ந்த இறப்புகள் கணிசமாகக் குறைந்தன. மனம் உடைந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டுவது எவ்வளவு என்பது உயிரைத் தீர்மானிக்கக்கூடியது. வீட்டில் யாராவது வாடிப்போயிருப்பதாகத் தோன்றினால், இருப்பைக் குறையுங்கள். அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், உதவி தேடுங்கள்.

காசு போன்ற லித்தியம் பேட்டரிகளை மொத்த அட்டையாக வாங்குகிறவர்கள் அதைக் கத்தரித்துத் திறந்த டப்பாவில் போடாதீர்கள். 20 மில்லிமீட்டர் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சுவரை அரிக்கத் தொடங்கிவிடும். கருவியில் தீர்ந்துபோன பேட்டரிக்கும் அந்த அளவு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரிக்கும் திரவம் தொண்டையை இரண்டாம் முறை சுடும், மண்ணெண்ணெய் போன்றது நுரையீரலுக்குள் புகும். அமிலத்துக்குக் காரம், காரத்துக்கு அமிலம் என்று வீட்டு வேதியியல் வேண்டாம். வாயைக் கொப்பளிக்க வைத்து, உங்கள் ஊரின் நச்சுத் தகவல் மையத்தையோ மருத்துவமனையையோ அழையுங்கள். கண்ணில் பட்டால் வண்டியைத் தேடும் முன் குழாயைத் திறங்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். வாயு என்றால் வாளியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். மருத்துவமனைக்கு மூலக் கேனையோ அதன் லேபிளின் புகைப்படத்தையோ கொண்டுவாருங்கள். கடையிலிருந்து வந்த அன்றே லேபிளைப் படம் எடுத்துக் குடும்பத்தார் எல்லோருடைய தொலைபேசியிலும் வைத்துவிடுவது இன்னும் நல்லது.

சின்ன பாட்டில் இல்லாமல் முடியவே முடியாது என்றால், அதே திரவத்தின் சிறிய பாட்டிலை ஒருமுறை வாங்குங்கள். லேபிளும் மூடியும் பொருத்தமாக இருக்கும். கேனிலிருந்து அதையே மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். கேனின் வீரியம் வேறாக இருந்தால் இந்த யோசனை செல்லாது. இரண்டு லேபிளையும் அருகருகே வைத்துப் படித்த பிறகே ஊற்றுங்கள்.

இவ்வளவும் சொல்கிற நான் சென்ற மாதம் என் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியைத் துப்புரவு செய்தேன். பின் மூலையில் ஒரு பழைய பழச்சாறு பாட்டில், அரைவாசி மஞ்சள் திரவத்தோடு. மனைவியைக் கேட்டேன். "நீங்கள்தான் ஊற்றி வைத்தீர்கள், வண்டி கழுவ என்றோ எதற்கோ," என்றாள். எனக்கு நினைவே இல்லை. முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது தெரியும். அங்கே என்ன கிடக்கிறது என்று தெரியாத வடிகாலில் கொட்டுவதும் சரியல்ல. அபாயக் கழிவு சேகரிக்கும் நாள் வரும்வரை அது உயரமான அலமாரியில், பூட்டுக்குள் நிற்கிறது. வெள்ளைத் துணிநாடாவைச் சுற்றி, தடித்த பேனாவால் அதில் எழுதி வைத்திருக்கிறேன்: "என்னவென்று தெரியாது. தொடாதீர்கள்."