யூஎஸ்பியின் கடைசி எழுத்து: 'பஸ்' என்னும் சொல்

தமிழ்நாடு, கேரள எல்லையில் களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் பஸ் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டு வண்டியோ கேரள வண்டியோ, வாயில் வருவது பஸ்தான். யூஎஸ்பியில் (யுனிவர்சல் சீரியல் பஸ்) உள்ள 'பி'யும் இதே பஸ்தான் என்றால் இந்தப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டி, அதில் ஒரு யூஎஸ்பி கருவியைக் காட்டப் படாதபாடு படுகிறவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருள் நன்றாகவே கைகொடுக்கும்.

லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. 1820களில் பிரான்ஸின் நாந்த் நகரில், காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஓடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. 1829இல் அது லண்டனுக்கும் போனது. புழங்கப் புழங்க முன்பாதி தேய்ந்து 'பஸ்' மட்டும் நின்றது. 'எல்லோர்' என்ற பொருள் இருப்பது 'ஆம்னி'யில்; 'பஸ்' என்பது நம் நான்காம் வேற்றுமை 'கு' போன்ற ஓர் உருபு, அவ்வளவுதான். வேரை விட்டுவிட்டு உருபு மட்டும் உலகம் சுற்றுகிறது. முழுச்சொல்லை இன்றும் வாயில் வைத்திருப்பவர்கள் நாம்தான்: தனியார் வண்டிகளை 'ஆம்னி பஸ்' என்கிறோமே!

மின்சாரக்காரர்கள் இதே சொல்லை வேறு பக்கம் கொண்டுபோனார்கள். பல இணைப்புகளுக்கும் பொதுவாக மின்சாரம் ஓடும் தடித்த உலோகப் பட்டை 'ஆம்னிபஸ் பார்' ஆனது, இன்று 'பஸ்பார்'. அங்கிருந்துதான் கணினிக்கு வந்தது. பல உறுப்புகள் பொதுவாகப் பயன்படுத்தும் தகவல் தடம் பஸ். 1996 ஜனவரியில் யூஎஸ்பியின் முதல் வரையறை வெளியானபோது, எல்லாக் கருவிக்கும் பொதுவான தொடர் தடம் என்ற பொருளில் இந்தப் பெயர் நிலைத்தது.

ஆகவே கணினி பஸ்ஸைப் 'பேருந்து' என்று எழுதுவது பிழை. பேருந்து ஓடுகிற வண்டி. இது வண்டிகள் ஓடுகிற வழி. கலைச்சொல்லாக வழங்கும் 'பாட்டை' இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. ராஜபாட்டையில் வரும் அதே பாட்டைதான். தரவுப் பாட்டை, முகவரிப் பாட்டை என்று பாடநூல் நடையில் சொல்லலாம்; யூஎஸ்பியை விரித்தால் 'பொதுத் தொடர் பாட்டை'. மலையாளத்தில் 'பாட்ட' என்றால் தகர டப்பா. அதனால் எல்லையின் அந்தப் பக்கம் படித்த பிள்ளைகளுக்கு முதலில் காது இடறும். பழகினால் சரியாகிவிடும், நல்ல சொல்லை அதற்காக விட்டுவிட வேண்டாம்.

சரி, விண்டோஸ் விஷயத்துக்கு வருவோம். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2இல் லினக்ஸ் ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. விண்டோஸில் செருகிய கருவி தானாக அங்கே தெரியாது. 'யூஎஸ்பிஐபிடி' என்ற நிரல்தான் கருவியின் தகவல்களை டிசிபி என்னும் பிணைய வழியாக, 3240ஆம் போர்ட்டில், அனுப்பி வைக்கிறது. ஃபயர்வால் இந்தப் போர்ட்டை அடைத்திருந்தால் எதுவும் நகராது.

விண்டோஸில் இந்த நிரலின் 'லிஸ்ட்' கட்டளையைக் கொடுத்தால் முதல் நெடுவரிசையில் 'பஸ்ஐடி' என்று 2-4 போல ஓர் எண் வரும். முன்னது பாட்டை, பின்னது கருவியைச் செருகிய துளை. அட்மினாக 'பைண்ட்' கொடுத்துக் கருவியைப் பகிரவேண்டும், அப்புறம் 'அட்டாச்' கொடுத்து லினக்ஸோடு இணைக்கவேண்டும். இதற்குப் பிறகு லினக்ஸில் யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையைக் கொடுத்து, அதே 2-4ஐத் தேடித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது அங்கே இருக்காது. களியக்காவிளையில் இறங்கி கேரள பஸ் ஏறியவரைப் பழைய பஸ்ஸில் தேடுவது போலத்தான் இது. லினக்ஸ் தனக்கென ஒரு மெய்நிகர் பாட்டையை உருவாக்கி, அதில் புது எண் கொடுக்கிறது. மாறாதது கருவியின் அடையாள எண். எடுத்துக்காட்டாக, எஃப்டிடிஐ நிறுவனத்தின் சீரியல் சிப் ஒன்று இரண்டு பக்கமும் 0403:6001 என்றே நிற்கும். அதை வைத்துத் தேடுங்கள். கருவியை வேறு துளையில் மாற்றிச் செருகினால் விண்டோஸ் பக்கத்து பஸ்ஐடியும் மாறும்.

உபுண்டு அல்லாமல் ஆல்பைன், வாய்ட் போன்ற அதிகம் புழங்காத லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பழைய குறிப்புகளைப் படித்துக் குழம்புகிறார்கள். லினக்ஸுக்குள்ளும் 'யூஎஸ்பிஐபி' கருவித்தொகுப்பை நிறுவச் சொல்லி, அதற்கு உபுண்டுவில் நிரல்களை நிறுவும் 'ஆப்ட்' கட்டளைகளைக் கொடுத்திருப்பார்கள். யூஎஸ்பிஐபிடியின் 4.0 பதிப்பிலிருந்து அது தேவையே இல்லை. இன்னொன்று: டபிள்யூஎஸ்எல் 2இல் எத்தனை லினக்ஸ் நிறுவினாலும் அடியில் ஓடும் மைய நிரலான கர்னல் ஒன்றுதான், பாட்டையும் ஒன்றுதான். ஒன்றில் இணைத்த கருவி எல்லாவற்றிலும் தெரியும்.

கருவி பட்டியலில் தெரிகிறது, ஆனால் திறக்க மறுக்கிறது என்றால் பாட்டையில் பழுது இல்லை. அது பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினை. முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக முயன்றால் கருவி திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்தால், 'யூடெவ்' என்ற நிரல் இயங்கவில்லை என்று சந்தேகிக்கலாம். லினக்ஸில் கருவியைக் குறிக்கும் கோப்பை உரிய பயனர் குழுவுக்கு ஒப்படைப்பது அதன் வேலை. ஆல்பைனில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி கிடையாது, யூடெவ்வும் தானாக வராது. அது இல்லாமல் உங்களை சீரியல் கருவிகளுக்கான 'டயல்அவுட்' குழுவில் சேர்த்துப் பயனில்லை, கோப்பு ரூட்டின் கையிலேயே இருக்கும். யூடெவ்வின் வேலையைச் செய்யும் 'ஈயூடெவ்' நிறுவி ஓட விடலாம்; இல்லையென்றால் கோப்பின் அனுமதியை மாற்றும் 'சிஹெச்மோட்' கட்டளையைப் போட்டு அனுமதி கொடுக்கலாம். கருவியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அந்தக் கோப்பு புதிதாக உருவாகிறது, கொடுத்த அனுமதியும் போய்விடுகிறது. ஆகவே சிஹெச்மோட் வழியில் போகிறவர்கள் அந்த வரியை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைத்து, ஒவ்வொரு அட்டாச்சுக்குப் பிறகும் ஓட்டுங்கள்.