விரல் ஓரிடம், வாய் வேறிடம்

போன வருடம் மட்டக்களப்பு, கல்லடியில் என்னிடம் ஒரு தாய் தன் மகனைக் கூட்டி வந்தார். பையன் தரம் 3. "நல்லா வாசிப்பான் ரீச்சர், சொல்வதெழுதல் எண்டா மட்டும் எல்லாம் பிழை" என்றார். பாடப்புத்தகத்தைக் கொடுத்தேன். மடமடவென்று ஒரு பக்கம் வாசித்தான். ஆனால் விரல் இரண்டாம் வரியில் நிற்க, வாய் நாலாம் வரிக்குப் போயிருந்தது. அதே பக்கத்தில் இருந்த 'கோழி' என்ற சொல்லைத் துண்டுத் தாளில் எழுதிக் காட்டினேன். "கே... கா..." என்று இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

அவன் வாசிக்கவில்லை. பாடத்தை முழுதாகப் பாடமாக்கி வைத்திருந்தான். மூன்று வருடமாக ஒருவருக்கும் பிடிபடாமல் இப்படிச் சமாளிக்க எவ்வளவு மூளை வேண்டும்! பள்ளியில் அவனுக்குக் கிடைத்த பெயர் என்னவோ 'சோம்பேறி'. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர் வாசிக்கத் திணறிய 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதையும் வாயால் நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். இந்த வாசிப்புச் சிரமத்துக்குப் பெயர் டிஸ்லெக்சியா. இது புத்திக் குறைவல்ல. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதும், எழுத்தோடு அவற்றை இணைப்பதும்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமம். பரம்பரையிலும் வரும். "எனக்கும் சின்னனில இப்பிடித்தான்" என்று தகப்பன்மார் மெதுவாகச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

'கோழி'க்கு வருவோம். 'கோ'வில் கண் பார்ப்பது மூன்று துண்டு: கொம்பு (ே), க, அரவு (ா). வாய் சொல்வதோ ஒரே ஒலி. அதிலும் முன்னால் எழுதும் கொம்பு ஒலிப்பது 'க்'குக்குப் பிறகு. நமக்கு இது பழகிப்போனது. அவன் துண்டு துண்டாகவே பார்க்கிறான். 247 எழுத்தையும் சுவரில் ஒட்டி வைத்து "சொல்லு, சொல்லு" என்றால் ஒன்றும் நடக்காது.

அந்தத் தாயிடம் முதல் இரண்டு கிழமைக்குப் புத்தகத்தையே எடுக்க வேண்டாம் என்றேன். திகைத்துப்போனார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடம்தானே என்ற பயம் அவருக்கு. வாய் விளையாட்டு மட்டும் போதும் என்றேன். மீன் வெட்டும்போதோ மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டும்போதோ செய்யலாம். "மனே, 'கடல்'ல 'க'வை எடுத்துப்போட்டு 'உ'வைப் போடு, என்ன வரும்?" உடல். "'ம'வைப் போடு?" மடல். பையனுக்கு இது பிடித்துவிட்டது. பிறகு பெத்தாவையே (பாட்டியையே) கேள்வி கேட்டுத் திணறடித்தானாம்.

அப்புறம் எழுத்து. சுளகில் கொஞ்சம் கடற்கரை மணலைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் பெரிதாக எழுத வேண்டும். ஒரு கிழமைக்கு ஒரு மெய்: க், கா, கோ என்று அதன் குடும்பம் மட்டும். 'கோ'வைப் பழைய கலண்டர் அட்டையில் ஒரே துண்டாக எழுதி வையுங்கள். மூன்று துண்டும் சேர்ந்து ஓர் ஒலி என்பது அப்படித்தான் பதியும். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் தொடவே வேண்டாம். வீட்டுப் பேச்சில் ழ-வும் ள-வும் பிரியாத பிள்ளைக்குக் காதால் வித்தியாசம் கண்டுபிடிக்க வழியில்லை. 'மழை', 'பழம்' என்று சொல்லோடு சேர்த்துத்தான் பழக்க வேண்டும்.

புத்தகத்துக்கு வரும்போது முதலில் நீங்கள் ஒரு வரி வாசியுங்கள், அதே வரியை அவன் விரல் வைத்து வாசிக்கட்டும். விரலும் வாயும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள், வேகத்தை விடுங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும். பிள்ளை தடுக்கினால் மூன்று எண்ணும்வரை பொறுத்து, சொல்லைக் கொடுத்துவிடுங்கள். விருந்தாளிக்கு முன்னால் வாசிக்கச் சொல்லி நிறுத்துவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், அதில் ஏதும் குறையிருந்தால் முதலில் அதைக் கவனிக்கலாம். சின்ன வகுப்பில் ஒரு பிள்ளை எழுத்தைத் திருப்பிப் போட்டதும் டிஸ்லெக்சியா என்று பெயர் வைத்துவிட வேண்டாம். மூன்று நான்கு மாதம் இப்படிச் செய்தும் முன்னேற்றம் தெரியாவிட்டால், விசேட கல்வி ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். வரும்போது புள்ளி போட்ட பரீட்சைத் தாள்களைக் கட்டிக்கொண்டு வர வேண்டாம். பிள்ளை தானாக எழுதிய, யாரும் திருத்தாத கொப்பிப் பக்கம் ஒன்று போதும்.