டிசம்பர் 20-க்கு அப்புறம் எங்கே சாப்பிடுவீர்கள்?

இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பரில் ஓர் இரவு, ஒன்பதரை மணி இருக்கும், ஒரு பையன் போன் செய்தான். “அக்கா, கார்டு தேய்ச்சா சிவப்பு லைட்தான் எரியுது. உள்ளே போக முடியல.”

செமஸ்டர் முடிந்து அவனுடைய டார்மை (மாணவர் விடுதியை) அன்று மதியமே மூடிவிட்டார்கள். கடைசிப் பரீட்சை எழுதிய களைப்பில் பகல் முழுக்கத் தூங்கியிருக்கிறான். பசி எடுத்ததும் ரொட்டி வாங்க வெளியே வந்தவன், திரும்ப நுழைய முடியாமல் வாசலில் நிற்கிறான். வெளியே மைனஸ் 16 டிகிரி. காலில் ஹவாய் செருப்பு. வளாகப் போலீஸ் வந்து கதவைத் திறந்தார்கள், மறுநாள் வேறு கட்டடத்தில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தோம். டார்ம் மூடப்போவது பற்றி அவனுக்கு நான்கு மின்னஞ்சல் போயிருந்தது. “நம்ம ஊர்ல லீவுன்னா போறவங்க போவாங்க, இருக்கறவங்க இருப்பாங்கதானே, அப்படித்தான் நினைச்சேன்” என்றான். அவன் மேல் கோபமே வரவில்லை. நானும் மாணவியாக வந்த முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஆலோசகராக இருக்கிறேன். டிசம்பர் நடுவில் பரீட்சை முடிந்தால், அடுத்த செமஸ்டர் தொடங்க ஜனவரி நடுவாகும். ஏறக்குறைய நான்கு வாரம். அமெரிக்க மாணவர்கள் இரண்டே நாளில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மிஞ்சுவது வெளிநாட்டு மாணவர்கள், அதிலும் விமான டிக்கெட் விலையைப் பார்த்து நின்றுவிட்டவர்கள். நவம்பரில் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது படிப்பைப் பற்றியல்ல. டிசம்பர் 20-க்கு அப்புறம் எங்கே தூங்குவாய், எங்கே சாப்பிடுவாய், இந்த இரண்டும்தான். பல டார்ம்களில் விடுமுறைக்குத் தங்கத் தனியாக விண்ணப்பித்துத் தனிக் கட்டணம் கட்டவேண்டும். அதற்கும் கடைசித் தேதி உண்டு. டைனிங் ஹால் மூடிவிடும். மீல் பிளானில் (சாப்பாட்டுக்கு முன்கூட்டியே கட்டியதில்) பணம் மிச்சம் இருக்கிறதே என்றால், இருக்கும், சமைக்கத்தான் ஆள் இருக்காது. கிறிஸ்துமஸ் அன்று பெரிய கடைகள்கூடத் திறக்காது, பஸ்ஸும் குறைவு. அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் 24-ஆம் தேதி மதியத்துக்குள் வீட்டில் இருக்கட்டும்.

தங்கவும் சாப்பிடவும் ஏற்பாடு செய்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நானும் சில வருடம் நம்பினேன். முடிவதில்லை.

முதல் வாரம் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். தூங்குவார்கள், படம் பார்ப்பார்கள், நாலு பேர் சேர்ந்து பிரியாணி செய்வார்கள். இரண்டாவது வாரம்தான் வழுக்கும். எப்படி என்று ஜனவரியில் என் அறைக்கு வந்த பிள்ளைகள் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பிடிபட்டது. வகுப்பு இல்லை, காலையில் எழவேண்டிய அவசியம் இல்லை. ஊரில் எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் பேசலாம் என்று நள்ளிரவில் போன். இங்கே இரவு 12 என்றால் அங்கே காலை 11.30. பேசி, வாட்ஸ்அப் பார்த்து, ஒரு தொடர் பார்த்துப் படுக்கும்போது விடியற்காலை 5. எழுந்திருப்பது மதியம் 3. மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரில் டிசம்பர் 21 அன்று சூரியன் மறைவது மாலை 4.34. ஆக அந்தப் பிள்ளைக்கு நாள் ஒன்றுக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஒன்றரை மணி நேரம், அதுவும் ஜன்னல் திரையைத் திறந்தால். உடம்பு இங்கே இருக்கிறது, கடிகாரம் திண்டுக்கல்லில் ஓடுகிறது.

சென்னையில் டிசம்பரிலும் பகல் பதினோரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். இங்கே அன்றைய பகல் 8 மணி 46 நிமிடம்தான். இந்த வெளிச்சக் குறைவால் வரும் மனச்சோர்வை 1984-இல் முதலில் விவரித்து எழுதிய மருத்துவர் நார்மன் ரோசன்தால், வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்து நியூயார்க்குக்கு வந்தவர். முதலில் தன் உடம்பில்தான் அதைக் கவனித்தார். எனவே “எனக்கு மட்டும் ஏன் இப்படி, நான் சோம்பேறியா” என்று கேட்கும் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்வேன். அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்கள் மேல் ஆசை, எதிலும் பிடிப்பில்லாமை, இவை இரண்டு வாரம் நீடித்தால் ஆலோசனை மையத்துக்குப் போங்கள். 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் விளக்கு ஒன்றைக் காலையில் அரை மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்வது பலருக்கு உதவுகிறது. எங்கள் வளாக நூலகத்தில் அதை இரவலாகவே தருகிறார்கள். பைபோலார் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

விளக்கைவிட எனக்கு நம்பிக்கை உள்ள வழி ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் பேசும் நேரத்தை மாற்றுங்கள். இங்கே மாலை 6 மணி என்றால் ஊரில் மறுநாள் விடியற்காலை 5.30. மார்கழி மாதம், அம்மா எப்படியும் எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருப்பார். போன வருடம் ஒரு மாணவி அந்த நேரத்துக்குத் தினமும் வீடியோ கால் போட்டாள். அம்மா போனைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டுக் கோலம் போடுவாராம். பேச்சு பாதி நாள் இருக்காது, தெருவில் போகிறவர்கள் குரல் மட்டும் கேட்கும். இவள் இந்தப் பக்கம் இரவுச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்குவாள். பத்து மணிக்கெல்லாம் தூக்கம் வந்துவிட்டது என்றாள்.

வேலை பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்லவேண்டும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பு நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். விடுமுறையில், அடுத்த செமஸ்டர் தொடர்கிறவராக இருந்தால், அதே வளாகத்துக்குள் முழுநேரம் செய்யலாம். இது பலருக்குத் தெரிவதில்லை, நவம்பரிலேயே நூலகத்திலும் உணவுப் பிரிவிலும் கேட்டு வையுங்கள். ஆனால் வெளியே கடையிலோ பெட்ரோல் பங்கிலோ “கையில காசு, யாருக்கும் தெரியாது” என்று கூப்பிடும் அண்ணன்மார்கள் டிசம்பரில்தான் அதிகம் முளைப்பார்கள். போகாதீர்கள். வேறு காரணத்தால் மாணவர் நிலையை இழந்தவர்கள் அதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வழி உண்டு. அனுமதியில்லாமல் வேலை செய்தவருக்கு அந்தக் கதவும் அடைபட்டுவிடும். சம்பளம் வாங்காமல் சும்மா உதவிக்கு நிற்கிறேன் என்பதும், அது மற்றவருக்குச் சம்பளம் தரும் வேலையாக இருந்தால், சிக்கல்தான். உணவு வங்கியில் தொண்டு செய்யுங்கள், அதில் தடையில்லை, நாலு மனிதர்களும் பழக்கமாவார்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: ஐ-20-யில் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றிதழில்) எங்கள் அலுவலகத்தின் பயணக் கையெழுத்து 12 மாதத்துக்குள் வாங்கியதா பாருங்கள், படிப்பு முடித்து ஓபிடி என்னும் வேலைப் பயிற்சியில் இருந்தால் 6 மாதம். விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் இங்கே இருக்கும்வரை தொல்லையில்லை, திரும்பி வரத்தான் புதிது வேண்டும். 2025 செப்டம்பர் 2 முதல் பெரும்பாலோருக்கு நேர்காணல் இல்லாமலே விசா புதுப்பிக்கும் டிராப்பாக்ஸ் வசதி போய்விட்டது, நேர்காணலுக்கு நேரில்தான் போகவேண்டும். ஸ்லாட் கையில் வந்தபிறகு டிக்கெட் போடுங்கள்.

அபார்ட்மென்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் மின்சாரம் மிச்சம் என்று ஹீட்டரை அணைத்துவிடுகிறார்கள். குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால், கீழ்வீட்டுக் கூரை நனைந்தால், அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். 55 ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கார் எடுத்துச் சுற்றுகிறவர்கள் பனியில் சிக்கினால், புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தள்ளிய பிறகுதான் எஞ்சினை ஓட்டவேண்டும். இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே இருக்காது. (நயாகராவில் படகு சவாரி டிசம்பரில் கிடையாது. வருடாவருடம் யாராவது போய் ஏமாந்து வருகிறார்கள்.)

உள்ளூர்க் குடும்பம் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்கள். சைவம் என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், அங்கே போய் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர்களுக்குத்தான் சங்கடம். மனசு தாங்காத இரவு வந்தால் மனநல நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், எந்நேரமும் ஆள் இருப்பார்கள். உங்கள் விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைத்தான் எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்.

எங்கள் அலுவலகம் டிசம்பர் 24 மதியம் மூடி ஜனவரி 2 காலையில் திறக்கும். ஐ-20 கையெழுத்து வேண்டியவர்கள் 20-ஆம் தேதிக்குள் கேளுங்கள், 24 காலையில் வாசலில் வரிசை நிற்கும்.