செயலி காட்டும் வாட்டும் டெல்டாவின் வெயிலும்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் விடியற்காலையில் கியர் சைக்கிளில் போகிறவர்களின் போனில் இப்போது ஏதாவது ஒரு பயிற்சிச் செயலி இருக்கிறது. டிரெய்னர்ரோடு, ஜாயின், எக்ஸெர்ட், கார்மின் கடிகாரம் தினமும் காட்டும் பயிற்சி எனப் பெயர்தான் வேறு, வேலை ஏறக்குறைய ஒன்று. நேற்று ஓட்டியதைப் பார்த்து நாளைய பயிற்சியைக் கூட்டும், குறைக்கும். உருப்படியான கருவிதான். ஆனால் முட்டி வலி, தீராத அசதி என்று பிசியோதெரபிக்கு வருகிறவர்களின் பதிவுகளைத் திறந்து பார்த்தால், செயலி தவறாகக் கணக்குப் போட்டது அபூர்வம். உள்ளே போன எண்தான் தவறாக இருக்கும்.

முதல் எண் எஃப்டிபி. சுமார் ஒரு மணி நேரம் விடாமல் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட் (மிதிக்கும் சக்தியின் அளவு) என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா இன்டர்வெலும் (விட்டுவிட்டுக் கடுமையாக மிதிக்கும் துண்டுகள்) இதன் சதவீதமாகத்தான் வரும். இதைக் கண்டறிய எடுக்கும் ராம்ப் டெஸ்டில் நிமிடத்துக்கு நிமிடம் வாட் ஏறிக்கொண்டே போகும். முடியாமல் நிறுத்தும்போது, கடைசியில் எட்டிய உச்ச ஒரு நிமிட சராசரியில் 75 சதவீதத்தை எஃப்டிபியாக எடுப்பார்கள். 20 நிமிட டெஸ்டில் சராசரியில் 95 சதவீதம். கபடி, வாலிபால் ஆடிப் பழகிய கால்களுக்கு ராம்ப் டெஸ்ட் கூடுதலாகக் காட்டிவிடும். குறுகிய நேரம் முக்கித் தள்ளும் பலம் அவர்களுக்கு அதிகம், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: 1, 2 நிமிட இன்டர்வெல் எல்லாம் முடிகிறது, ஆனால் 15, 20 நிமிடம் நீளும் துண்டு பாதியில் நின்றுபோகிறது என்றால் எண் பெரிது. 200 என்று இருந்தால் 190 ஆக்குங்கள். மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டெஸ்ட் எடுக்கும் பருவமும் முக்கியம். மார்கழிக் குளிரில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு மே மாதக் கத்திரியில் இன்டர்வெல் ஓட்டுவதுதான் இங்கே நாம் பார்க்கும் மிகப் பெரிய தவறு. வெயிலில் உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது. வியர்வையில் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவதால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டும். அதே வாட்டில் ஓட்டினாலும் ஒரு மணி நேரம் கழித்துத் துடிப்பு 10, 15 கூடி நிற்பது இதனால்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை உலராது, வழிந்து வீணாகும், ஆகவே சிரமம் இன்னும் கூடும். செயலி வாட்டை மட்டும் பார்த்து “திட்டப்படி முடித்தார்” என்று எழுதிக்கொள்ளும்.

அதனால் எளிய சவாரிகளில், அதாவது எஃப்டிபியில் 56 முதல் 75 சதவீதம் வரையிலான இரண்டாம் மண்டலத்தில், துடிப்பு அந்த மண்டலத்துக்கான மேல் எல்லையைத் தாண்டினால் கியரை இறக்குங்கள், வாட் குறைந்தால் குறையட்டும். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பது எந்தக் கருவிக்கும் சளைத்த சோதனை அல்ல. வெயிலுக்கு உடல் பழக 7 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் இன்டர்வெலைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாவது, காற்று. மேடே இல்லாத ஊர் என்பதால் பயிற்சி லேசு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆடி மாதத்தில் கல்லணையை நோக்கி மேற்கே ஓட்டிப் பார்த்தால் தெரியும்! பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேலைக்காற்றுதான் நமக்கு மலை. பவர் மீட்டர் (வாட்டை அளக்கும் கருவி) இல்லாதவர்களுக்கு ஸ்ட்ராவா மாதிரிச் செயலிகள் வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் வைத்து வாட்டை ஊகிக்கின்றன, காற்று அந்தக் கணக்கில் வராது. மூச்சு முட்ட 18 கிலோமீட்டர் வேகத்தில் போன பாதி “சோம்பல்” என்றும், திரும்பி வரும்போது சும்மா மிதித்த 34 “சாதனை” என்றும் பதிவாகும். பவர் மீட்டர் இல்லையென்றால் செயலியில் வேக இலக்கு, தூர இலக்கு இரண்டையும் அணைத்துவிட்டு, நேரமும் இதயத்துடிப்பும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எதிர்காற்றில் போங்கள், இன்டர்வெல்களை அங்கேயே முடியுங்கள். களைத்தபின் காற்று முதுகில் இருக்கும்.

துடிப்பை அளக்க நெஞ்சுப் பட்டைதான் சரி. ரோட்டுக் குலுக்கலில் மணிக்கட்டுக் கடிகாரம் தடுமாறும், குறிப்பாகக் குறுகிய இன்டர்வெல்களில். உச்சத் துடிப்புக்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தை நம்ப வேண்டாம், ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு மேலும் கீழும் போகும். மாறாக, நன்றாக ஓய்ந்திருக்கும் நாளில் 30 நிமிடம் சீராக, முடிந்த மட்டும் வேகமாக ஓட்டி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பைச் செயலியில் கடும் உழைப்பின் எல்லைத் துடிப்பாகக் கொடுங்கள், துடிப்பு மண்டலங்களை அது அதிலிருந்து பிரித்துக்கொள்ளும். இதயநோய், ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு வழக்கம்போல ஏறாது, அவர்களுக்கு இந்த மண்டலங்கள் பொருந்தாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், நாற்பதைத் தாண்டி ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கடும் இன்டர்வெலைத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம்.

வீட்டுக்குள் ஸ்மார்ட் டிரெய்னரில் (சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்கும், தடையைத் தானே மாற்றும் கருவி) ஓட்டுகிறவர்களுக்கு வேறு சிக்கல். எர்க் மோடில் கருவி வாட்டைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். நீங்கள் களைத்து மிதிக்கும் சுற்றைக் குறைத்தால், அதே வாட்டைத் தக்கவைக்க அது தடையைக் கூட்டும், சுற்று இன்னும் குறையும், கடைசியில் கால் பூட்டிக்கொள்ளும். 180 வாட்டை நிமிடத்துக்கு 90 சுற்றில் தருவதைவிட 60 சுற்றில் தர ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்கு அழுத்தம் வேண்டும். முட்டிச் சில்லின் முன்பக்க வலி பாதி இங்கே பிறக்கிறது. (மீதிப் பாதி, இருக்கை தாழ்ந்திருப்பதால். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும்.) சுற்று 75-க்குக் கீழே சரிந்தால் எர்க்கை அணைத்து, அரை நிமிடம் லேசாக மிதித்து, 85-க்கு ஏறியபின் மறுபடி போடுங்கள். பெரிய ஃபேன் ஒன்று நேரே நெஞ்சுக்கு வீசட்டும். ஃபேன் இல்லாத அறையில் எடுத்த டெஸ்டும் குறைவாகத்தான் காட்டும்.

பாதியில் கரண்ட் போனால் பயிற்சி அறுந்துபோகும். செயலி அதைத் தோல்வியாக எடுத்து அடுத்த வாரத்தை இறக்கிவிடும். காரணம் கேட்டால் “கருவிக் கோளாறு” என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். “மிகக் கடினம்” என்று அழுத்த வேண்டாம். இதற்கு நேர்மாறான பழக்கம்தான் ஆபத்து: நாக்குத் தள்ளிப் போய் முடித்துவிட்டு, கௌரவத்துக்காக “எளிது” என்று பதில் கொடுப்பது. இரண்டே வாரத்தில் திட்டம் தாங்க முடியாத உயரத்துக்கு ஏறிவிடும்.

கடிகாரமும் சைக்கிள் கம்ப்யூட்டரும் ஒரே சவாரியைத் தனித்தனியாக ஏற்றினால் சுமை இரட்டிப்பாகிவிடும், ஒன்றை அழித்துவிடுங்கள். மாறாக, நாற்று நடவு, வரப்பு வெட்டு, இரவில் முறைத்தண்ணீர் பாய்ச்சக் கண்விழித்தது இவையெல்லாம் செயலிக்குத் தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட நாளுக்கு மறுநாள் இன்டர்வெலை எளிய சவாரியாக மாற்றுங்கள். காலையில் எழுந்ததும் எடுக்கும் துடிப்பு வழக்கத்தைவிட 7, 8 கூடி இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால், திட்டம் என்ன சொன்னாலும் ஓய்வுதான்.

தண்ணீர்க் கணக்குக்குத் தராசு போதும். ஓட்டுமுன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் சுமார் 1 லிட்டர் வியர்வை போயிருக்கிறது, வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் வரை தண்ணீரே போதும். அதற்கு மேல் என்றால் உப்புப் போட்ட மோர் அல்லது ஓஆர்எஸ் நல்லது. 1 லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டரில் கரைக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் சவாரிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். வெறும் காபியோடு இன்டர்வெலுக்குக் கிளம்பாதீர்கள். வெயிலில் சிலிர்ப்பு, தலைச்சுற்றல் வந்தால் நிழலில் நிறுத்துங்கள். பேச்சு குழறினால் உடலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

சம்பா அறுவடை நாட்களில் ரோட்டில் நெல் காயும், அறுவடை இயந்திரச் சக்கரத்துச் சேறும் கிடக்கும். ரெண்டிலும் சக்கரம் வழுக்கும். நெல் காயப் போட்டவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை, அந்த மாதம் அது அவருக்குக் களம். கடும் பயிற்சியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பயிற்சி நின்றுபோவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் நின்றிருந்தால் எஃப்டிபியை 5 முதல் 10 சதவீதம் குறைத்து, முதல் வாரம் முழுக்க இரண்டாம் மண்டலத்திலேயே ஓட்டுங்கள். விட்டுப்போன பயிற்சிகளைச் சேர்த்து முடிக்கப் பார்க்காமல், காலண்டரிலிருந்து அழித்துவிடுங்கள். மீண்டும் டெஸ்ட் எடுப்பதை மூன்றாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.